ரோபோவை லேப்டாப்புக்குள்ள பூட்டி வெச்ச மேற்படிப்பு

மக்களே, "மாஸ்டர்ஸுக்கு ரோபாட்டிக்ஸ் எடுக்கலாமா, கம்ப்யூட்டர் எடுக்கலாமா?" இஞ்சினியரிங் முடிக்கிற பசங்க இருக்கிற வீட்டுல எல்லாம் இதே பேச்சுதான். பதில் சொல்ற பெரியவங்களும் சம்பளக் கணக்கு போட்டுட்டு நிறுத்திக்கறாங்க. என் கேள்வி வேற. ரெண்டு வருஷம் படிச்சவன் செய்யற மெஷின் ஏற்காட்டு காப்பித் தோட்டத்துல பத்தடி நடக்குமா? நடக்காதுன்னா அது என்ன மேற்படிப்பு?

ஏன் ஏற்காடுன்னு கேப்பீங்க. சேர்வராயன் மலையை விடக் கஷ்டமான கேள்வித்தாளை எந்த யுனிவர்சிட்டியும் செட் பண்ண முடியாதுங்க. பிரேசில்ல சமவெளியில வரிசையா செடி. பெரிய மெஷின் வரிசைக்கு மேலயே ஓடி, உலுக்கி, பழத்தை உதிர்த்துடும். இங்க சுமார் 1500 மீட்டர் உயரத்துல, சரிவுல, சில்வர் ஓக் நிழல்ல அரபிகா. அந்த மெஷினை இங்க நிறுத்தவே இடம் கிடையாது.

ஒரு பழம் பறிக்கணும்னா என்னென்ன வேணும்னு பாருங்க:

1. ஒரே கொத்துல பச்சையும் சிவப்பும் கலந்து கிடக்கும். மர நிழல்ல வெயில் பொட்டுப் பொட்டா விழும். அதுக்குள்ள எது பழுத்ததுன்னு கேமரா கண்டுபிடிக்கணும். இது கம்ப்யூட்டர்.

2. பழுத்ததை மட்டும் திருகி எடுக்கணும். கிளை முறிஞ்சா அடுத்த வருஷ மகசூலும் போச்சு. இது கை, மோட்டார், கன்ட்ரோல்.

3. மழை பெஞ்ச மண்ணுல வழுக்காம ஏறணும். இது மெக்கானிக்கல்.

4. மர அடர்த்தியில ஜி.பி.எஸ். தடுமாறும், பல இடத்துல சிக்னலும் இருக்காது. எல்லாக் கணக்கையும் முதுகுல சுமக்கிற பாட்டரியில ஓடுற சின்ன போர்டே போட்டாகணும். இது எலக்ட்ரானிக்ஸ்.

நாலுல ஒண்ணு தப்பினாலும் பழம் கூடைக்கு வராது. ஆனா நம்ம ஊர்ல நடக்கிறது என்ன? கம்ப்யூட்டர்காரன் "மோட்டார் என் சிலபஸ்ல இல்ல"ங்கறான். மெக்கானிக்கல்காரன் "கோடு எழுத ஆள் இருக்கு"ங்கறான். கேட் தேர்வுல 2024ல டேட்டா சயன்ஸும் ஏ.ஐ.யும் சேர்ந்து தனித் தாள் வந்துச்சு. அந்த வருஷம் ரோபாட்டிக்ஸுக்குத் தாள் இல்லை. ஆக, ஆளாளுக்கு அவங்கவங்க துறை வாசல் வழியாத்தான் உள்ள வரணும். வந்த பிறகாவது சுவரை உடைக்க வேணாமா?

ராஜ் ரெட்டியைத் தெரியுமில்ல? கிண்டி இஞ்சினியரிங் காலேஜ்ல 1958ல பி.இ. முடிச்சவர். படிச்சது சிவில்! அவர்தான் 1979ல அமெரிக்காவுல கார்னெகி மெலன் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்கு முதல் இயக்குநர் ஆனார். 1994ல டூரிங் விருதும் வாங்கினார். "நீ சிவில், ஓரமா நில்லு"ன்னு யாரும் அவரை நிறுத்தலை.

அடுத்தது ப்ராஜெக்ட் கூத்து. கசேபோல ஒரு உலகம், சமதளத் தரை, நடுவுல நாலு டப்பா. ரோபோ டப்பாவுல இடிக்காம சுத்தி வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டினா தீசிஸ் ரெடி. சிமுலேஷனே வேணாம்னு சொல்லலைங்க. கையை உடைச்சுக்காம பழக அது அவசியம்தான். ஆனா அதுல நாம எழுதிக் கொடுத்த சேறு மட்டும்தான் இருக்கும். எழுத மறந்த சேறு தோட்டத்துலதான் இருக்கு. அதுக்கும் சோம்பல்பட்டு ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கறவங்களை என்ன சொல்ல? அப்பா எஸ்டேட்டை அடமானம் வெச்சு வாங்கின பட்டத்துக்கு உள்ள ஒண்ணும் இல்லைன்னா நஷ்டம் யாருக்கு?

"ரோபோ வந்தா பறிக்கிற அம்மாக்களோட கூலி போயிடுமே"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அதனாலதான் எதை முதல்ல செய்யணும்கிறதும் படிப்போட பாகம்ங்கறேன். பறிக்கிற வேலை அவங்ககிட்டயே இருக்கட்டும். மூட்டையைச் சரிவுல தூக்கிட்டு வர ஒரு மெஷின் செய்யுங்க. உயரமான மரத்துல ஏணி போட்டு மிளகு பறிக்கிறாங்களே, விழுந்தா இடுப்பு போச்சு, அதுக்கு ஒண்ணு செய்யுங்க. கூலி போகாது, உயிரு மிஞ்சும்.

முடியாதுன்னு சொல்லாதீங்க. பக்கத்துக் கேரளாவுல இஞ்சினியரிங் படிச்ச பசங்க சேர்ந்து செஞ்ச பேண்டிகூட், 2018ல திருவனந்தபுரத்துல மனுஷனுக்குப் பதிலா சாக்கடைக் குழிக்குள்ள இறங்குச்சு. மனுஷனை இறக்கக்கூடாதுன்னு 2013ல சட்டம் வந்தும் இறக்கிட்டு இருந்த நாட்டுல! சென்னை ஐ.ஐ.டி.யும் செப்டிக் டேங்குக்கு ஹோமோசெப் செஞ்சது. இவங்க பிரச்சினையைத் தேடி போஸ்டன் போகலை, தெருவுக்குத்தான் போனாங்க.

ஆகவே தம்பி, தங்கச்சிகளே, எந்தக் காலேஜா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. லேப்ல நான் கழட்டி மாட்ட நிஜ மெஷின் இருக்கா? வேற துறைப் பாடத்தை எடுக்க விடுவீங்களா? போன வருஷ தீசிஸ்ல எத்தனை மெஷின் காம்பவுண்டைத் தாண்டி வெளியே ஓடிச்சு? மூணுக்கும் முழிச்சாங்கன்னா ஃபீஸ் கட்டாதீங்க.

டிஸ்கி: "நீ செஞ்சு காட்டு பாக்கலாம்"னு கும்ம வர்றவங்க, வர்ற வழியில இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, பாத்து வாங்க :-)