யாருடைய உடம்பு?

“டாக்டர், அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க. லேகியம் கொடுத்து அனுப்பிடுங்க!”

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகள் பலர் என் காதோடு சொல்வது இதுதான். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால், நோயே தெரியாதவர் ஆபரேஷனா, வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பார்?

மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, தாயின் சம்மதத்தோடு கர்ப்பப்பையை அகற்றிய வழக்கு அது. அவசரம் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம் (சமீரா கோலி வழக்கு, 2008).

மருத்துவத்தின் நான்கு கூறுகளில் வள்ளுவர் நோயாளியைத்தானே முதலில் வைத்தார்? பக்கத்திலிருந்து கவனிப்பவர் நாலாவதுதான்!

லேகியத்தில் கட்டி கரையும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைப் பெரியவரிடமே கேட்போம். பக்குவமாகச் சொன்னால் தாங்குவார்.