பல்பு எரிந்தால் போதுமா?

எங்கள் தில்லி வீட்டில் இருந்த ஃப்யூஸ் பெட்டி, எழுபதுகளில் கட்டடம் எழுந்தபோதே வந்தது. மரப்பலகை, அதில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் 'கிட்காட்' ஃப்யூஸ்கள், பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச். ஃப்யூஸ் போகும் இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழைய ஒயரைப் பிரித்து இழை எடுத்துச் சுற்றுவதில் நான் தேர்ந்தவன். ஓர் இழை தாங்காவிட்டால் இரண்டு. இரண்டும் தாங்காவிட்டால் மூன்று. அப்புறம் அது போகவே போகாது. ஃப்யூஸின் வேலையே போவதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த வருஷம் கோடைக்கு முன்னால் அதைத் தூக்கிவிட்டுப் புதுப் பெட்டி வைத்தோம். எம்சிபிக்கள், கூடவே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று. எலெக்ட்ரீஷியன் சுறுசுறுப்பானவர். காலையில் ஆரம்பித்தார், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தார். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினார். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. "ஹோ கயா" என்றார். பணம் வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஏசி போட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. தூக்கிவிட்டோம். மறுபடி விழுந்தது. ஏசியை நிறுத்தினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, வாஷிங் மெஷின் ஓடியதும் விழுந்தது. மறுநாள் வந்தவர் பெட்டியை முறைத்துப் பார்த்துவிட்டு, சரக்கு சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஒயர்களைக் கழற்றி, ஆர்சிசிபியைச் சுற்றிக்கொண்டு போகும்படி நேராகப் பூட்டினார். அதற்கப்புறம் எதுவும் விழவில்லை. பெட்டிக்குள் அது கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது.

எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். தெரிந்தவர்களிடம் கேட்ட வரையில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை. நாய் குரைக்கிறது என்று நாயை விற்றுவிட்டோம்.

ஆர்சிசிபி செய்வது எளிய கணக்கு. பேஸ் வழியாகப் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வரவிலும் செலவிலும் 30 மில்லியாம்பியர் துண்டு விழுந்தால், அது சுவர் ஈரத்திலோ மனித உடலிலோ ஒழுகுகிறது என்று பொருள். கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். எம்சிபிக்கு இந்தக் கணக்கு தெரியாது. 16 ஆம்பியர் எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம்.

மனசு கேட்காமல் இன்னொருவரைத் தேடிப் பிடித்தோம். ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், உரிமம் வைத்திருப்பவர். தோள்பையிலிருந்து கைப்பிடி சுற்றும் 'மெக்கர்' ஒன்றை எடுத்தார். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று 1903இல் பதிவு செய்த வணிகப் பெயர் அது. வனஸ்பதிக்கு டால்டா போல, எவர் செய்தாலும் இந்தக் கருவிக்கு நம் ஊரில் மெக்கர் என்றே பெயர். பாடப்புத்தகத் தமிழில் 'மின்காப்புத் தடை அளவி'. நானே ஒருமுறை அப்படி மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தச் சொல்லோடு கடைக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

மெயினை அணைத்தார். பிளக்குகளையெல்லாம் பிடுங்கச் சொன்னார், எல்இடி விளக்குகளையும் கழற்றச் சொன்னார். மெக்கர் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறது. டிவியும் ரௌட்டரும் அதைத் தாங்காது. பிறகு ஒவ்வொரு லைனின் நியூட்ரலையும் பட்டையிலிருந்து பிரித்து, ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே கருவியை வைத்துச் சுற்றினார். நல்ல ஒயரில் ஊசி பல மெகாஓம் காட்டும். வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 732, அதன்படி ஒரு மெகாஓமுக்குக் கீழே போகக் கூடாது. ஹால் லைன் தேறியது. படுக்கையறை தேறியது. குளியலறை 1.2, ஓரமாகத் தேறியது. சமையலறையில் ஊசி பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த மூன்று பின் சாக்கெட்டைத் திறந்தார். நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே விரல் நீள ஒயர்த் துண்டு ஒன்று பூட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எட்டு வருஷத்துக்கு முந்தைய சம்பவம் நினைவுக்கு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஈரக்கையோடு ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றார். செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றோம். அவர் மறுபடி மறுபடி சொல்லவே, தெருக்கோடிக் கடையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தோம். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். சுருக் நின்றுபோனது. கைராசிக்காரர் என்று அவரைப் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிவைத்தேன்.

அவர் செய்தது இந்த ஒயர்த் துண்டைப் போட்டதுதான். சமையலறையின் பச்சை ஒயர் பழைய பலகையில் எதிலும் சேராமல் அனாதையாகக் கிடந்தது. எர்த் இல்லாததால், ஃப்ரிட்ஜின் தகட்டை நியூட்ரலோடு கட்டிவிட்டார். சுருக் போய்விடும், உண்மை. ஆனால் நியூட்ரல் ஒயர் எங்காவது ஒரு திருகில் தளர்ந்திருந்தால், ஃப்ரிட்ஜுக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அந்தத் துண்டின் வழியாகத் தகட்டுக்கே வந்திருக்கும். பெட்டியில் யாராவது பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிப் பூட்டியிருந்தால், அந்த நொடியே கதவுப் பிடியில் 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு முதலில் அதைத் தொடக்கூடியவர் யார் என்பதும் தெரிந்ததே. அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல் இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அதில் வயல் பம்புசெட்டும் தெருக்கம்பியும் உண்டு. ஃப்ரிட்ஜ் கதவும் உண்டு.

முதல் எலெக்ட்ரீஷியன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அனாதையாகக் கிடந்த பச்சை ஒயரைப் புதுப் பெட்டியின் எர்த் பட்டையில் சேர்த்திருந்தார். அப்படிச் சேர்த்ததும், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தத் துண்டின் வழியாக மண்ணுக்குப் போக ஆரம்பித்தது. ஏசியும் வாஷிங் மெஷினும் ஓடும்போது பங்கு கூடியது, ஆர்சிசிபி விழுந்தது. எட்டு வருஷமாக வீட்டில் எவருக்கும் தெரியாமல் இருந்ததை முதல் நாளே அது கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. நாங்கள்தான் சரக்கு சரியில்லை என்று வாயைக் கட்டினோம்.

எர்த்தைச் சோதிக்க ஊரெங்கும் ஒரு வழி இருக்கிறது. குண்டு பல்பின் ஒரு முனையைப் பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைப்பார்கள். எரிந்தால் எர்த் பிரமாதம். அந்தப் பெரியவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள், படு மோசமான எர்த். 100 வாட் பல்பின் தடை எரியும்போது 530 ஓம் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்த பாதையில் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், பளிச்சென்றே எரியும். அதே எர்த்தில் கீசரின் பேஸ் தகட்டைத் தொட்டால் ஓடுவது 230-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. குளிக்கப் போகிறவருக்காகத் தகடு உயிரோடு காத்திருக்கும். இங்கேயும் காப்பாற்றக்கூடியது ஆர்சிசிபி ஒன்றுதான்.

பெட்டி மாற்றுகிறவர்கள், வேலையைப் பேசும்போதே சோதனையையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மெக்கர் கொண்டு வருவாரா, ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் பின்னிலிருந்தும் பெட்டி வரை ஒயர் அறுபடாமல் வருகிறதா என்று அளப்பாரா, சுவிட்சுகள் பேஸில்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பாரா என்று கேளுங்கள். நியூட்ரலில் சுவிட்ச் இருந்தாலும் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். அணைத்துவிட்டு பல்பு மாற்றப் போகும்போதுதான் தெரியும். ஆர்சிசிபியில் இருக்கும் 'டி' பொத்தானை அமுக்கிக் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். பொத்தான் அந்தக் கருவியை மட்டுமே சோதிக்கிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும். 2.5 சதுர மில்லிமீட்டர் சாக்கெட் ஒயருக்கு, "அப்போதுதான் அடிக்கடி விழாது" என்று 32 ஆம்பியர் எம்சிபி போட வந்தால் வாசலிலேயே மறித்துவிடுங்கள். நான் மூன்று இழை சுற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

எங்கள் வீட்டில் ஒயர்த் துண்டு வெளியே வந்தது, ஆர்சிசிபி மறுபடி சர்க்யூட்டுக்குள் போனது. பெரியவர் ஒவ்வொரு லைனின் அளவையும் தேதி போட்டு எழுதி, பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டினார். குளியலறையின் 1.2-க்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.