அம்புலியும் கைத்தொலைபேசியும்

குழந்தையின் வளர்ச்சியை உடலசைவால் அளந்தவர் தமிழ்ப் புலவர். பிள்ளைத்தமிழின் பருவங்களை நோக்குக. செங்கீரையில் தலையெடுத்து அசையும் பிள்ளை, சப்பாணியில் கைகொட்டும். வருகையில் தளர்நடை இடும். பின்னர்ச் சிறுபறை முழக்கிச் சிறுதேர் உருட்டும். பெண்மகவுக்கு நீராடலும் ஊசலும் உண்டு. அம்புலிப் பருவத்து நிலவும் வெறுங்காட்சியன்று. பிள்ளையோடு விளையாட வருமாறு அழைக்கப்படும் தோழன்.

இன்று எம் ஓமந்தையிலும் சோறூட்டும் வேளையில் நிலவின் இடத்தைக் கைத்தொலைபேசி கவர்ந்துகொண்டது. அது பிள்ளையை ஆட அழைப்பதில்லை, அசையாதிருத்துகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு நெறி வகுத்தது. ஒன்று முதல் நான்கு வயதுவரை நாள்தோறும் 180 நிமிடமேனும் பிள்ளைகள் உடலசைந்து இயங்கவேண்டும். இரண்டு வயது நிரம்பும்வரை திரை வேண்டா. பின்னர் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது.

இதற்காகத் தாய்மாரைக் கடிந்துரைக்க யான் ஒருப்படேன். விடியலிற் கூலிவேலைக்குச் செல்பவளுக்குத் துணை யார்? பேரரைப் பார்க்கும் முதியோரைப் போரில் இழந்த வீடுகள் எத்துணை! 2009இல் போர் ஓய்ந்த பின்னும், வன்னியிற் பல ஊர்களில் மிதிவெடிக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் காணியில் இறங்கவிடாது காத்தோம். உயிரைப் பணயம் வைத்து வெடியகற்றியோர் மீட்டுத் தந்த நிலத்தில் ஆடுவாரில்லையெனின், மீட்டதன் பயன் யாது?

ஆதலின் முன்பள்ளிதோறும் மணல்முற்றம் அமைப்போம். மாலைதோறும் கோயில் வீதியில் மாணவர் கிளித்தட்டு மறிக்கட்டும். அவர் பின்னே சிறியோரும் ஓடுவர். ஆசிரியர்காள், முதற்கோட்டை மண்ணில் நாமே கீறுவோம்.