நாலு பக்கமும் மாடி!

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சொன்ன பெரியவர்கள், 'பழைய வீட்டை வாங்கிப்பார்' என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் திருப்பூரில் வீட்டு புரோக்கர்கள் இல்லை போலிருக்கிறது!

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நண்பர் ஒருவர், இருபது வருஷமாக லைன் வீட்டு வாடகைவாசி. மனைவியின் நகை, பி.எஃப். பணம், சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டிய சீட்டு... எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, எண்பதுகளில் கட்டிய ஒரு சின்ன வீட்டைப் பார்த்தார். மூன்று சென்ட். அதாவது 1,307 சதுர அடி. துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

"நாலு பக்கமும் பாருங்ண்ணா... எல்லாம் மாடி வீடு! அவங்க மத்தியில இருந்தா இதுக்கும் மதிப்பு தானா ஏறிக்குமுங்க" என்றார் புரோக்கர்.

பஸ்ஸில் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தால் நம் பர்ஸ் கனமாகிவிடுமா? ஆனால், புரோக்கர் சொன்னதில் பாதி நிஜம். பக்கத்து வீட்டைப் பார்த்து ஏறுவது மண்ணின் விலை. அவர் வீட்டு கிரானைட்டுக்கும் தேக்கு வாசற்காலுக்கும் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே தெருவில் சென்ட் என்ன விலை என்று தனியாகப் போடுங்கள். கட்டடத்தைத் தனியாகப் போடுங்கள். நாற்பது வயசுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டினால் அந்தச் செலவைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது, வாசலில் நின்று தெருவைப் பார்ப்பது. கட்டும்போது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறிப் போன வீடாம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே புதுசு போட்டதில், இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மண் கொட்டி மேடாக்கிக்கொண்டார்கள். மழைத் தண்ணீர் பள்ளத்தைத் தேடும்; அந்தத் தெருவில் பள்ளம் இந்த வீடுதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கும் காசு நம்முடையது!

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. "எவ்வளவு அமைதியான ஏரியா!" என்று நண்பர் மயங்கினார். செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் திரும்பப் போனோம். பின்பக்க மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நிட்டிங் மெஷின் 'கடகட'வென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிற மனுஷனுக்கு வீட்டிலும் மூன்றாவது ஷிப்ட்!

தண்ணீரை வீட்டுக்காரரிடம் விசாரிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் குழாயைப் பாருங்கள். பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர்வெல்லின் ஜாதகம் தெரிந்துவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. சரிதான். ஆனால், அதற்கு முன்னால் நிலத்துக்குள் இறங்கினது கோர்ட் உத்தரவைக் கேட்டு மேலே வந்துவிடுமா என்ன?

பத்திரத்துக்கும் பக்கத்து வீடு உதவும். 'இந்த சைட்டுல யாருக்காவது பேங்க் லோன் கிடைச்சிருக்குங்களா?' என்று கேளுங்கள். கிடைத்திருந்தால், தாய்ப் பத்திரத்தை ஒரு வக்கீல் ஏற்கெனவே அலசியிருப்பார். ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை என்றால் லே-அவுட் அங்கீகாரம் இல்லாததாக இருக்கலாம். 2017-ல் அரசாங்கம் கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் சேர்த்தார்களா என்று விசாரியுங்கள். வில்லங்கச் சான்றிதழை இப்போது வீட்டிலிருந்தே ஆன்லைனில் பார்க்கலாம். நம்முடையதை மட்டும் பார்க்காமல், பக்கத்து மனைகளுக்கும் பாருங்கள். சமீபத்தில் எந்த மனை கைமாறியது என்று தெரியும். ஆனால் பத்திரத்தில் எழுதிய விலை பெரும்பாலும் அரசாங்க வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் இருக்கும். அந்த மதிப்புக்கு மாளிகையும் ஒன்றுதான், குடிசையும் ஒன்றுதான். பேசி முடித்த விலைக்கு மேலே முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று லட்சத்துக்கு ஒன்பதாயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இது 2023 ஏப்ரலிலிருந்து உள்ள கணக்கு.

இத்தனையும் கூட்டிக் கழித்து, 'விலையைக் குறைத்தால் வாங்கலாம்' என்று நாங்கள் இரண்டு பேரும் பெரிய மேதைகள் மாதிரி முடிவுக்கு வந்தோம். நண்பரின் மனைவி பேசாமல் பக்கத்து மாடி வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்த ஆத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்காத்தா, உங்ககிட்டத்தான் வசதி இருக்குதே... ஒட்டின எடம், நீங்களே வாங்கிப் போட்டிருக்கலாமுங்களே?"

ஆத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "2011-ல தீவாளி கழிஞ்சு ஜம்மனைப் பள்ளத்துல வெள்ளம் வந்துச்சே கண்ணு... அந்தூட்டு சன்னக் கட்டை வரைக்கும் தண்ணி. பண்டம்பாடி எல்லாம் போச்சு. உசுரு தப்பிச்சதே சாமி புண்ணியம்."

அந்த நவம்பரில் ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் பெருக்கெடுத்து, திருப்பூரில் உயிர்களே போனது எங்களுக்கும் தெரியும். புதுசாக அடித்திருந்த பெயின்ட்டைத்தான் எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஜன்னல் கட்டைக்குக் கீழே மட்டும் ஒரு கோட் அதிகம்!

வீட்டுக்காரர் விலையை இறங்கி வந்தார். நண்பர் மசியவில்லை. ரெண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஐப்பசிக்கும் வானத்தையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"வேற வீடு இருக்குதுங்ண்ணா, ஞாயித்துக்கெழம காலையில வந்துருங்க" என்றார் புரோக்கர், சளைக்காமல்.

"ஞாயித்துக்கெழம வேண்டாமுங்க" என்றார் நண்பரின் மனைவி. "நல்லா மழை பெய்யறன்னிக்குக் கூப்புடுங்க, வர்றோம்!"