சொந்த விஷயம் என்று ஒதுக்கியவை

பீட்டில்ஸைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் நம் பேனா ரிஷிகேஷில் போய்த்தான் நிற்கும். ரவிசங்கர், சிதார், மகரிஷி, 1968 ஆசிரமவாசம் என்று பக்கங்கள் நிறைந்துவிடும். அதற்கு ஆறு மாதம் முன்பு, 1967 ஆகஸ்ட் 27 அன்று, நால்வரும் வேல்ஸில் அதே மகரிஷியின் தியான வகுப்பில் இருந்தபோது, அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் லண்டனில் தூக்கமருந்து மிகையாகி இறந்துபோனார். வயது 32. இதற்கு நாம் ஒதுக்குவது ஒரு வரி.

லிவர்பூலில் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நிலவறைக் கிளப்பில் தோல் ஜாக்கெட்டோடு பாடிக்கொண்டிருந்த நான்கு பையன்களுக்குக் கோட்டு சூட்டு மாட்டி, ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் சேர்ந்து குனிந்து வணங்கப் பழக்கி, நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கி ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டுகள் முழுக்க, அவர் ஆண்களை நேசித்தவர் என்பது ஒன்றே அவரைச் சிறைக்கு அனுப்பப் போதும். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது 1967 ஜூலை 27 அன்று, அவர் சாவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. ஊரார் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்று எந்நேரமும் கவனித்தே வாழவேண்டியிருந்த மனிதர்தான் அந்த நால்வரையும் ஊரார் கண்ணுக்குத் தயார்செய்தார் என்று எனக்குத் தோன்றும். வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கலாம். ஆனால் ஏற்கவோ மறுக்கவோ வாசகருக்கு அந்தத் தகவலையே நாம் கொடுக்கவில்லையே.

கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தோம். அது அவர் சொந்த விஷயம். கண்ணியமான பதில்தான். ஆனால் எல்விஸின் கல்யாணம், விவாகரத்து, ஜான் லெனனும் யோகோவும் படுக்கையில் அமர்ந்து நடத்திய அமைதிப் போராட்டம், மைக்கேல் ஜாக்சனின் இரண்டு மனைவியர் என்று நாம் எழுதிக் குவித்ததெல்லாம் என்ன விஷயம்? ஆணும் பெண்ணும் காதலித்தால் அது பாட்டுக்குப் பின்னணி. ஆணும் ஆணும் காதலித்தால் சொந்த விஷயம். நம் ஊரில் 2018 செப்டம்பர் வரை தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவு இருந்தது என்று சட்டத்தின் மேல் பழியைப் போடவும் முடியாது. கட்டுரை எழுதக்கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இசை பற்றித் தமிழில் எழுதும் நாமும் வாசிக்கும் நாமும் சேர்ந்தே அந்த மௌனத்தைக் காத்தோம்.

அதில் தனிமனிதரின் அந்தரங்கம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. இசை எப்படி உருவானது என்ற கதையும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

லிட்டில் ரிச்சர்டை எடுத்துக்கொள்வோம். 1955 செப்டம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ஒலிப்பதிவு சுணங்குகிறது, இந்தப் பையனிடம் கேள்விப்பட்ட வேகம் எதுவும் ஒலிநாடாவில் இறங்கவில்லை. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் சாப்பாட்டு இடைவேளைக்கு அவரை ட்யூ டிராப் இன் விடுதிக்கு அழைத்துப் போகிறார். பெண் வேடமிட்ட கலைஞர் பாட்ஸி விடேலியா தொகுப்பாளராக இருந்து நிகழ்ச்சிகளை நடத்திவந்த இடம் அது. அங்கே பியானோவைப் பார்த்ததும் ரிச்சர்டுக்குக் கூச்சம் போய்விட்டது. இரவு விடுதிகளில் பாடும் பச்சையான பாட்டு ஒன்றை எடுத்து விளாசினார். இரண்டு ஆண்களுக்கு இடையிலான உடலுறவைப் பற்றிய பாட்டு. இதுதான் விற்கும் என்று பிளாக்வெல்லுக்குப் புரிந்தது. வரிகளை இப்படியே விட்டால் வானொலி தொடாது என்பதும் புரிந்தது. டொரத்தி லபோஸ்ட்ரி என்ற பாடலாசிரியையைக் கூப்பிட்டு வரிகளை மாற்றச் செய்தார். அன்றைய நேரம் முடிவதற்குள் அவசரம் அவசரமாகப் பதிவானது ‘டுட்டி ஃப்ருட்டி’.

ராக் அண்ட் ரோலின் பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்று இது. எல்விஸ் தன் முதல் ஆல்பத்திலேயே இதைப் பாடினார். பேட் பூன் என்ற வெள்ளைக்காரப் பாடகர் இதை இன்னும் வெளுத்துப் பாடி, மூலத்தைவிட மேலே பட்டியலில் ஏறினார். இதையெல்லாம் நாம் எழுதியிருக்கிறோம், கறுப்பரின் பாட்டை வெள்ளையர் பறித்த கதையாக. அது உண்மைதான். ஆனால் பாட்டு கைமாறியது இரண்டாவது பறிப்பு. அதற்கு முன்பே, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே ஒன்று நடந்து முடிந்திருந்தது. அதை நாம் எழுதவில்லை.

அவர் தனியாக முளைத்தவரும் இல்லை. பதின்ம வயதில் ஊர் ஊராகப் போன கூத்துக் குழுவில் ‘இளவரசி லவோன்’ என்று சேலை அளவுக்கு நீண்ட கவுன் கட்டி ஆடியவர். தூக்கிச் சீவிய கூந்தலும் முகப்பூச்சும் அட்லாண்டாவின் பில்லி ரைட்டிடமிருந்து வந்தவை. பியானோவை அடித்து நொறுக்கும் பாணியில் எஸ்கெரிட்டாவின் கை இருந்தது. இருவரும் தன்பால் ஈர்ப்பாளர்கள். எஸ்கெரிட்டா 1986-இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயில் இறந்தார். தமிழில் அவர் பெயரை இதுவரை எத்தனை பேர் அச்சிட்டிருப்போம் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. முகப்பூச்சுக்கு ரிச்சர்டே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். தெற்கு மாநிலங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் கூடும் அரங்கில் ஒரு கறுப்பு ஆண் பாடுவது உயிருக்கு ஆபத்து. மையும் பவுடருமாக வருபவனை யாரும் ஆபத்தானவனாக எண்ணமாட்டார்கள். அந்த ஒப்பனையை நாம் ‘மேடைக் கவர்ச்சி’ என்று ஒரு சொல்லில் கடந்துபோனோம்.

அவரை முதன்முதலில் பெரிய மேடையில் ஏற்றியவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1947-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், 14 வயதுப் பையனின் குரலைக் கேட்டுவிட்டுத் தன் கச்சேரியில் பாடவைத்து, கையில் காசும் கொடுத்தார். தேவாலயப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிடார் ஏந்தியவர் தார்ப். 1945-இல் அவர் பாட்டு கறுப்பர் இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது, எல்விஸ் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது. பாடகி மேரி நைட்டோடு அவர் சேர்ந்து சுற்றிப் பாடிய ஆண்டுகளை உடன் இருந்தவர்கள் காதலாகவே நினைவுகூர்ந்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய கெய்ல் வால்ட் பதிவுசெய்திருக்கிறார். தார்ப் அதைப் பொதுவில் சொன்னதில்லை. 1973-இல் ஃபிலடெல்ஃபியாவில் புதைக்கப்பட்ட அவர் தலைமாட்டில், 2008-இல் நிதிக் கச்சேரி நடத்தும்வரை பெயர்க்கல் இல்லை. ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-இல். அவர்களுக்கே அவ்வளவு நாள் ஆனது என்று நாம் தப்பித்துக்கொள்ளலாம்தான். 2018-க்குப் பிறகு நாம் என்ன எழுதினோம்?

டிஸ்கோவில் நம் கடன் இன்னும் நெருக்கமானது. எண்பதுகளில் அது நம் ஊருக்கே வந்தது. இந்தி ‘டிஸ்கோ டான்சர்’ 1982-இல், அதன் தமிழ் வடிவமான ‘பாடும் வானம்பாடி’ 1985-இல். ஒரு நடிகையின் பெயருக்கு முன்னால் பட்டமாகவே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டப மெல்லிசைக் குழுவரை அந்தத் தாளம் இறங்கியது. எங்கே பிறந்தது என்று கேட்டால் ஜான் டிரவோல்டாவின் வெள்ளை சூட்டைக் காட்டினோம்.

பிறந்தது அங்கே இல்லை. 1970-இல் டேவிட் மான்குசோ நியூயார்க்கில் தன் வீட்டு மாடியில் அழைப்பின் பேரில் விருந்து நடத்தத் தொடங்கினார். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் நுழையும் என்ற பயமில்லாத இடம் அது. கறுப்பர், லத்தீனோ, வெள்ளையர் கலந்து விடியவிடிய ஆடினார்கள். நியூயார்க்கை அடுத்த ஃபயர் தீவின் தன்பால் ஈர்ப்பாளர் விடுதிகளில், மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்ததும் ஆடுபவர்கள் களத்தைவிட்டு இறங்குவதைக் கவனித்தார் டாம் மோல்டன். பாட்டை நீட்டி, இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கோத்து ஒலிநாடா செய்தார். இன்று எந்தப் பாட்டுக்கும் ‘ரீமிக்ஸ்’ வருகிறதே, அதன் வேர் அந்த நாடாவில் இருக்கிறது.

சில்வஸ்டரைக் கேட்டால் மீதி புரியும். லாஸ் ஏஞ்சலஸில் பெந்தெகொஸ்தே சபையில் பாடி வளர்ந்த கறுப்புப் பிள்ளை. பெண்ணுடையோ ஆணுடையோ மனம்போல் அணிந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் வாழ்ந்தவர். 1978-இல் வந்த ‘யூ மேக் மீ ஃபீல், மைட்டி ரியல்’ முதலில் நடுத்தர வேகத்தில் தேவாலய வாசனையோடு இருந்த பாட்டு. பேட்ரிக் கௌலி என்ற இளைஞர் ஒத்திகையில் அதைக் கேட்டு சிந்தசைசரைச் சேர்த்து விசையேற்றினார். மேலே அந்த உச்சக்குரல் சபையில் சாட்சி சொல்வதுபோலவே ஒலிக்கும். கீழே இயந்திரம் ஓடும். பிற்கால எலெக்ட்ரானிக் நடன இசையின் பாதி இலக்கணம் அதற்குள் இருக்கிறது. கௌலி 32 வயதில், 1982-இல், எய்ட்ஸில் போனார். சில்வஸ்டர் 1988-இல், 41 வயதில். அந்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் தன்பால் ஈர்ப்பாளர் ஊர்வலத்தில் எய்ட்ஸ் நோயாளிகளின் வரிசையில் சக்கர நாற்காலியில் வந்தார். தன் பாடல்களின் உரிமத்தொகையை எய்ட்ஸ் சேவை அமைப்புகளுக்கு எழுதிவைத்தார்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் தூண்டுதலில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ஏறத்தாழ 50,000 பேர் கூட்டம். இதை நாம் ‘ரசனை மாறியது’ என்று எழுதினோம். அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பு இளைஞன் வின்ஸ் லாரன்ஸ், பலரும் கொண்டுவந்தவை டிஸ்கோ தட்டுகளே அல்ல, கறுப்பர் பாடிய எந்தத் தட்டும் அதில் கிடந்தது என்று பின்னாளில் சொன்னார். அதே நகரில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், பெரும்பாலும் கறுப்பு, லத்தீனோ தன்பால் ஈர்ப்பாளர்கள் ஆடிய களத்தில், ஃபிராங்கி நக்கிள்ஸ் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட இசையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிளப்பின் பெயரில் மிச்சமானதுதான் ‘ஹவுஸ்’ இசை. அதன் முதல் தட்டுகளில் ஒன்றை 1984-இல் எழுதியவர்களில் ஒருவர் அந்த வின்ஸ் லாரன்ஸ்.

ஃபிரெடி மெர்குரி விஷயத்தில் நாம் செய்தது வேறு வகை. அவரை ஒதுக்கவில்லை, சுவீகரித்துக்கொண்டோம். பார்சி குடும்பம், பஞ்சகனி போர்டிங் பள்ளி, ஃபரூக் பல்சாரா என்ற இயற்பெயர், எல்லாம் பெருமையாகச் சொன்னோம். ‘நம்ம பையன்’. அவர் யாரை நேசித்தார் என்று வரும்போது பையன் அந்நியனாகிவிட்டான். ஒப்பனையிட்ட பிரிட்டிஷ் பாடகனைப் புதுமை என்று வியந்த அதே நாம், நம் சினிமாவில் நடையைக் குழைத்து வந்த ஆணைக் கண்டு அரங்கம் அதிரச் சிரித்தோம். அந்தப் படங்களின் பாட்டை ரசித்து எழுதியபோது அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி எழுதும்போது எதிர்த்திசையில் ஓடும் ஆபத்தும் உண்டு. யார் யார் அப்படி என்று பட்டியல் போடுவது வம்பு, வரலாறு அல்ல. எய்ட்ஸ் மரணங்களை மட்டும் உருக்கமாக எழுதிவிட்டு தாளத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதும் இன்னொரு விதத்தில் தப்பிப்பதுதான். லிட்டில் ரிச்சர்டே நம்மைத் திணறடிப்பார். 1957-இல் புகழின் உச்சியில் பாட்டை விட்டு வேதம் படிக்கப் போனவர். ஒருமுறை தன் ஈர்ப்பை வெளிப்படையாகப் பேசினார், இன்னொருமுறை அதைப் பாவம் என்று மறுத்தார், 2017-இலும் மறுத்தார். அவரே மறுத்துவிட்டார் பாருங்கள் என்று அதை நாம் கதவைச் சாத்தப் பயன்படுத்தக்கூடாது. இரண்டு பேச்சையும் அச்சிட வேண்டும்.

பில்லி ஸ்ட்ரேஹார்னுக்கு அந்தத் திணறல் இல்லை. நாற்பதுகளின் அமெரிக்காவில், கறுப்பராக இருந்துகொண்டு, துணைவரோடு ஒளிக்காமல் வாழ்ந்தவர். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் வலதுகை. 1941-இல் உரிமத்தொகைச் சண்டையால் எலிங்டனின் இசையை வானொலியில் ஒலிபரப்ப முடியாமல்போக, எலிங்டன் சேர்ந்திருந்த சங்கத்தில் சேராத ஸ்ட்ரேஹார்னின் மெட்டு ஒன்று முன்னுக்கு வந்து குழுவின் அடையாளப் பாட்டாகவே நிலைத்தது. ஒளியாமல் வாழ்ந்ததற்கு விலையாக மேடையின் பின்வரிசையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பது அவர் வரலாற்றை எழுதிய டேவிட் ஹாஜ்டுவின் கணிப்பு. எப்ஸ்டீன் இறந்த அதே 1967-இல் அவரும் இறந்தார். அந்த மெட்டான ‘டேக் தி ஏ டிரெயின்’ நம் பட்டியல்களில் இன்னும் எலிங்டன் பாட்டு.