பெயரைப் பார்த்து மரியாதையா?

கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கிய காலத்தில், இந்நகரின் கட்டட வேலைகளில் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் தமிழர் பலர். இன்று நம் வீட்டுப் பெண்கள் படித்து, கணினிமுன் அமர்ந்து, எங்கோ இருக்கும் வாடிக்கையாளருக்கு யோசனை சொல்லும் வேலைக்குச் செல்கிறார்கள். பெருமைதான். ஆனால் அங்கே அவர்கள் விழுங்கும் அவமானத்தை வீட்டில் யார் கேட்கிறோம்?

முகம் தெரியாது, குரலும் கேட்காது. கடிதத்தின் அடியில் பெண் பெயர் இருந்தால் போதும், “உன் மேலதிகாரியை வரச் சொல்” என்று பதில் வருகிறது.

இது வெறும் மனப்பிரமை என்பார் சிலர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு சிறு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் மார்ட்டின் ஷ்னைடர், நிக்கோல் ஹால்பெர்க் என்ற இருவர் பணியாற்றினர். நிக்கோல் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அதிக நேரம் எடுக்கிறார் என்பது முதலாளியின் குறை. ஒருநாள் மார்ட்டின் தவறுதலாக அவர் பெயரில் கடிதம் அனுப்பிவிட்டார். எதிராளி எதைச் சொன்னாலும் ஏற்கவில்லை. தன் பெயருக்கு மாறியதும் அதே ஆள் பணிந்து நன்றி சொன்னார்! பிறகு இருவரும் இரண்டு வாரம் பெயரை மாற்றிக்கொண்டனர். மார்ட்டின் நரகத்தைக் கண்டார். நிக்கோலுக்கோ வேலை மளமளவென்று முடிந்தது. தனக்குத் தொழில் தெரியும் என்று மெய்ப்பிப்பதிலேயே அதுவரை அவர் நேரம் கரைந்திருக்கிறது. 2017இல் இதை வெளியிட்டபோது மார்ட்டின் திடுக்கிட்டிருந்தார். நிக்கோலுக்கு அது பழகிப்போன சங்கதி.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதே கதைதான். இணையவழி வகுப்பு, ஆசிரியரை மாணவர் பார்த்ததில்லை. தாள்களை ஒரே நேரத்தில் திருத்தித் தந்தும், காலந்தவறாமைக்கு ஆண் பெயருக்கு ஐந்தில் 4.35, பெண் பெயருக்கு 3.55!

“பாண்டி” என்ற ஒரு சொல்லால் நம் உழைப்பையெல்லாம் தள்ளிவிடும் வாயை நாம் அறிவோம். அதே வாய்தான் இது. (தொலைபேசியைப் பெண் எடுத்தால் “ஆண்பிள்ளை யாரும் இல்லையா?” என்று கேட்போர் நம் உறவிலும் உண்டு.)

வாடிக்கையாளர் இடும் நட்சத்திரத்தை வைத்து ஊதியமும் பதவி உயர்வும் நிர்ணயமாகும் இடங்களில், இந்த ஏளனம் நேரே சோற்றில் கை வைக்கிறது. ஆபாசமாகப் பேசினால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. பத்துப் பேருக்குக் குறையாத இடங்களில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். மதிப்பெண் குறைப்புக்காக எழுதப்பட்ட சட்டமல்ல அது. ஆகவே நாம் கேட்பது இது: ஒரு பெண்ணின் ஊதியத்தை வெட்டுமுன், அவருக்கும் வாடிக்கையாளருக்கும் நடந்த கடிதங்கள் அனைத்தையும் நிர்வாகம் எடுத்துப் படிக்கட்டும். எல்லாம் கணினியிலேயே கிடக்கின்றன.