லென்ஸ் மேல் பழி போடுமுன் ஒரு தீப்பெட்டியை எடுங்கள்



காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கல்யாண ஆர்டர் எடுக்கும் நம் பிள்ளைகள் பலர் கடனில்தான் கேமரா வாங்குகிறார்கள். மணப்பெண்ணின் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் கம்மல்தான் தெளிவாக விழுகிறது. "லென்ஸ் போச்சு, வேற வாங்கு" என்று எவராவது சொன்னால் உடனே நம்புவதா?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது ஒரு சென்சார், படம் பதிவது வேறொரு சென்சார். ஒளி செல்லும் இரு பாதைகளின் நீளத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னே பின்னே போகும்.

சோதனை எளிது. தீப்பெட்டியை நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, அப்பர்ச்சரை முழுதும் திறந்து, தீப்பெட்டிக்கு ஃபோகஸ் வைத்து ஐந்து படம் வ்யூஃபைண்டரில், ஐந்து படம் லைவ் வியூவில் எடுங்கள். லைவ் வியூ படம் தெளிவாக இருந்து மற்றது ஒரே பக்கமாக விலகினால், லென்ஸ் கெடவில்லை. அளவைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அதை மெனுவிலேயே திருத்தும் வசதியை கேனான் 2008-இல் 50டி-யில் தந்தது, 2010-இல் 60டி-யில் பிடுங்கியது, 2013-இல் 70டி-யில் திருப்பித் தந்தது. முடியாததையா திருப்பித் தந்தார்கள்? விலை குறைந்த கேனான் 1500டி-யிலும் நிக்கான் டி3500-இலும் அது இல்லை. காசுள்ளவனுக்கு மட்டும்தான் திருப்புளியா?

"மிரர்லெஸ் வாங்கு" என்பார்கள். கடனை யார் கட்டுவது? அந்தப் பத்துப் படங்களோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி இருந்தால் இலவசமாகச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். சோதிக்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.